முதலில் காது, அப்புறம்தான் கண்

தங்கச்சி, நேற்று ராத்திரி போனில் நீ சொன்ன இரண்டு விஷயமும் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்ட பையன் தமிழ்ப் பாடத்தை ‘வ... ந்... து... வி... ட்... டா... ன்’ என்று இழுத்து இழுத்துப் படிக்கிறான், ‘யாருடா வந்தா?’ என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான். அது ஒன்று. பேங்குக்குப் பென்ஷன் பணம் எடுக்கப் போன அத்தை, மை பட்ட கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள். அது இன்னொன்று. இரண்டு பேருக்கும் தனித்தனியாக டியூஷன் வைக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். வீட்டிலேயே முடியும். அதிலும் பாட்டியையும் பேரனையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் இன்னும் சுலபமாக முடியும்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, தெருவிளக்குக்குக் கீழே பாய் விரித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கப்புறம் நம் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு. அதிலெல்லாம் கைகண்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

எங்கே தடுக்குகிறது?

முதலில் பையனுக்கு எது வரவில்லை என்று பார். ‘படிக்க வரல’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பல விஷயம் இருக்கிறது. ‘அசர்’ என்று ஓர் ஆய்வு 2005 முதல் நடக்கிறது. ஊர் ஊராக வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர்களிடம் இருப்பது ஒரு தாள்தான். அதில் சில எழுத்துகள், சில சின்னச் சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதை. பத்தியைக் கொடுத்து ஆரம்பிப்பார்கள். சரளமாக வந்தால் கதைக்கு ஏறுவார்கள்; திணறினால் சொல்லுக்கு இறங்குவார்கள்; அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு. அவ்வளவுதான் சோதனை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் கிடைத்தால் நீயே பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம். பரீட்சை மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே. மடியில் உட்கார வைத்துக்கொண்டு செய்.

அடுத்தது இதைவிட முக்கியம். அவன் திணறிய அதே பத்தியை நீ வாசித்துக் காட்டு. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று கேள். காதால் கேட்டதும் புரிந்துவிட்டதென்றால் அவனுக்கு எழுத்தில்தான் தடை. கேட்டும் புரியவில்லையென்றால் தடை மொழியில் இருக்கிறது. 1986-இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தைச் சத்தமாக மாற்றத் தெரிவது ஒன்று, கேட்கும் மொழி புரிவது ஒன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. பெருக்கல் என்பதைக் கவனி. ஒரு பக்கம் சைபர் என்றால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை சைபர்தான். நீ போனில் சொன்னதை வைத்துப் பார்த்தால், உன் மகனுக்கு எழுத்து பாதிக்கு மேல் வந்துவிட்டது. நூல்தமிழ்தான் காதில் விழவே இல்லை.

பேச்சு ஒன்று, புத்தகம் ஒன்று

இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. நாம் வீட்டில் பேசும் தமிழும் புத்தகத்தில் அச்சாகும் தமிழும் ஒன்றல்ல. உன் பிள்ளைக்கு ‘வந்துட்டான்’ தெரியும், ‘வந்துவிட்டான்’ தெரியாது. ‘அவுங்க போறாங்க’ தெரியும். ‘அவர்கள் செல்கிறார்கள்’ அவனுக்கு அயலூர்ப் பேச்சு. ஓர் எழுத்து விடாமல் சரியாகக் கூட்டினாலும், அந்தச் சத்தத்துக்கு ஒத்த சொல் ஒன்று தலைக்குள் இருந்தால்தானே ‘அட, இதுவா!’ என்று தோன்றும்? வளமாகப் பேசுகிற பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் கண்டு மிரள்வதற்கு இதுதான் காரணம் என்பது என் தீர்மானமான எண்ணம். நம் தாத்தா காலத்துப் பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி இவ்வளவு பெரியதாக இருக்கவில்லை. கதாகாலட்சேபம், தெருக்கூத்து, வானொலிச் செய்தி, கோயிலில் பாட்டு என்று நூல்தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு அந்த வேலையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

அதனால் தினமும் பதினைந்து நிமிஷம் வாசித்துக் காட்டு. இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய். ராத்திரி சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் என்று நேரத்தைக் கட்டிவிடு. முதலில் கதையை உன் வாயால், நம் வீட்டுப் பேச்சில் சொல்லிவிடு. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு புத்தகத்தைத் திறந்து அதில் இருப்பதை அப்படியே வாசி. கதை முன்பே தெரியுமாதலால் ‘செல்கிறார்கள்’ என்று நீ வாசிக்கும்போது ‘போறாங்க’ என்று அவன் மனமே மாற்றிக்கொள்ளும். பத்து நாளில் அவன் விளையாட்டுக்காகப் புத்தகத்தமிழில் பேச ஆரம்பித்துவிடுவான். ‘அம்மா, நான் உறங்கச் செல்கிறேன்’ என்பான். கேலி செய்துவிடாதே. நாம் விதைத்தது முளைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்.

வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் விரலை நகர்த்திக்கொண்டே போ. காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் சொல்லும் ஒன்றுதான் என்று அந்த விரல்தான் அவனுக்குக் காட்டிக்கொடுக்கும். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்: ‘இப்போ என்ன ஆகும்னு நினைக்கிற?’, ‘நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?’ கேட்டுவிட்டுப் பொறுமையாக இரு. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று கேட்கும் பழக்கம் நம் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். அந்தக் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தாலே பிள்ளைக்குக் கதையில் இருக்கும் ருசி போய்விடும். ஒரே புத்தகத்தை ஏழு தரம் கேட்டால் ஏழு தரமும் வாசி. அலுப்பு நமக்குத்தான். அவனுக்கு ஒவ்வொரு தரமும் இரண்டு சொல் கூடுதலாகப் பிடிபடுகிறது.

இன்னொரு வழி, நான் சாயங்கால வகுப்பில் செய்தது. பிள்ளை சொல்வதை அவன் வாயில் வந்தபடியே ஒரு கோடு போட்ட நோட்டில் எழுது. ‘நேத்து நாய் என் செருப்பைத் தூக்கிட்டு ஓடிருச்சு.’ அதை அவனையே வாசிக்கச் சொல். அவன் சொன்னதுதானே, வாசித்துவிடுவான். அதற்குக் கீழே வேறு நிற மையில் ‘நேற்று நாய் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது’ என்று எழுது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது ‘ஓடிருச்சு’தான் ‘ஓடிவிட்டது’ என்று அவனே கண்டுபிடிப்பான். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் போதும். ஒரு மாதத்தில் அவன் கையில் இருப்பது அவனே ஆசிரியராக இருக்கும் ஒரு புத்தகம். அதை யாரும் அவனிடம் ‘படி’ என்று சொல்ல வேண்டியிருக்காது.

வீட்டில் தமிழ் பேசினால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று உன் காதில் யாரோ ஓதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம்கூடப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் வாயடைத்துப் போனதைத்தான் கண்டேன். யோசிப்பது, காரணம் சொல்வது, நடந்ததைக் கோர்வையாகச் சொல்வது எல்லாம் ஒரு மொழியில் உறுதிப்பட்டால் அடுத்த மொழிக்குத் தானே போகும். நிறையப் பேசு. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பேசு.

247 என்று பயமுறுத்தாதே

இப்போது எழுத்துக்கு வருகிறேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆகமொத்தம் 247 என்று சுவரில் அட்டவணை மாட்டியிருக்கிறாய் இல்லையா, அதைக் கழற்றி உள்ளே வை. 247 உருவத்தையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 31. அவற்றின்மேல் ஏறும் குறிகள், கால், கொம்பு, சுழி, விலங்கு என்று பதினொன்று. இவ்வளவு தெரிந்தால் பெரும்பாலும் வந்துவிட்டது.

புதிதாகத் தொடங்கும் ஆளுக்கு வரிசைப்படி ‘அ’ முதல் ‘ஔ’ வரை ஓட்டாதே. ‘ஔ’வை ஒரு வாரம் எழுதிப் பழகும் பிள்ளை, அதை வைத்துப் படிக்க எத்தனை சொல் இருக்கிறது? ட, ப, ம என்று எழுதச் சுலபமான மூன்றில் தொடங்கு. அன்றைக்கே ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று சொல் வந்துவிடும். அடுத்த நாள் ‘ர’ சேர்த்தால் ‘மரம்’, ‘பம்பரம்’. முதல் நாளே ஒரு முழுச் சொல்லைப் படித்தவனுக்கு இரண்டாம் நாள் உட்காரப் பிடிக்கும். மெய்யின் புள்ளியையும் அப்போதே காட்டிவிடு. அதைத் தள்ளிப்போட்டால்தான் ‘பட்டம்’ என்பதைப் ‘படடம’ என்று படிக்கிற வழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைகள் இடறி விழும் இடங்கள் நாலைந்து உண்டு. அவற்றில் மட்டும் கூடுதல் நேரம் செலவழி.

கெ, கே, கை: சத்தத்தில் ‘க்’ முதலில் வருகிறது, எழுத்தில் கொம்பு முதலில் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் கண் கொம்பைப் பார்த்துத் தடுமாறும். ‘கொம்பைப் பார்த்தால் நில், பக்கத்து எழுத்தைப் பார், அப்புறம் சொல்’ என்று பழக்கு. கொ, கோ இன்னும் கஷ்டம்; முன்னால் கொம்பு, பின்னால் கால். இரண்டு கையாலும் நடு எழுத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொடு. அப்படிச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

உகர வரிசைதான் எல்லாவற்றிலும் பெரிய மலை. மற்றக் குறிகள் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ‘உ’ மட்டும் ஆளுக்கு ஓர் உருவம். அதைக் கூட்டம் பிரித்துச் சொல்லிக்கொடு. கீழே நேர்கோடு இறங்குபவை சு, பு, யு, வு. வலப்பக்கம் கால் முளைத்து முடிபவை து, நு, ணு, லு, று, னு. வளைந்து சுழிபவை கு, டு, மு, ரு, ழு, ளு. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று போனால் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டினால் ஒன்றும் நிற்காது.

ந, ண, ன மூன்றையும் குழப்புகிறானா? பழைய வாத்தியார்கள் வைத்த பெயரையே சொல்லிக்கொடு: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். ‘த’வுக்கு முன்னால் வருவது ‘ந்’, பந்து. ‘ட’வுக்கு முன்னால் ‘ண்’, வண்டி. ‘ற’வுக்கு முன்னால் ‘ன்’, கன்று. பெயரிலேயே விதி இருக்கிறது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் நம் அப்பா. பாதி எழுத்துப்பிழை இதிலேயே போய்விடும்.

அப்புறம் க, ச, ட, த, ப. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் இங்கேதான் ‘எந்த பா?’ என்று கேட்பார்கள். குடிக்கும் பாலும் உதைக்கிற பாலும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். கப்பல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ‘க’, மூன்று ஓசை. விதி சொல்லி விளக்கப் போகாதே. ‘சொல்லிப் பார், உனக்குத் தெரிந்த வார்த்தையாக எது வருகிறதோ அதுதான்’ என்று மட்டும் சொல். பார்த்தாயா, இதற்கும் காதில் சொல் இருந்தாக வேண்டும்.

அவன் தப்பாகப் படித்தவுடன் குறுக்கே பாயாதே. மனசுக்குள் ஐந்து எண்ணு. பாதித் தடவை அவனே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்வான். அப்போது ‘நீயே கண்டுபிடிச்சிட்டியே’ என்று சொல்; தப்பில்லாமல் படித்ததைப் பாராட்டுவதைவிட இது நல்லது. ஒரே பக்கத்தை மூன்று நாள் தொடர்ந்து வாசிக்கவிடு. முதல் நாள் நீ ஒரு வரி, உன் பின்னாலேயே அவன் அதே வரி. இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து. மூன்றாம் நாள் அவன் மட்டும். மூன்றாம் நாள் அவன் குரலில் ஒரு நடை வந்திருக்கும், கேள். பத்துத் தரம் எழுது, இருபது தரம் எழுது என்ற இம்போசிஷன் வீட்டுக்குள் வரவே கூடாது. கை தானாக ஓடும்; மனம் வேறெங்கோ இருக்கும். எழுத்தின் உருவம் நிற்க வேண்டும் என்றால் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

அவனுக்குப் பிடிக்காத புத்தகத்தை ‘நல்ல புத்தகம்’ என்று திணிக்காதே. ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் இடறினால் அது இப்போதைக்கு நீ வாசித்துக் காட்டும் புத்தகம். அவன் வாசிக்கும் புத்தகம் அதைவிட எளிதாக இருக்கட்டும். நம் அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்துக்காகக் குட்டிக் கதைப் புத்தகங்கள் போட்டார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. அந்தப் பெயர்களே எனக்கு அவ்வளவு பிடிக்கும். பக்கத்து அரசுப் பள்ளி டீச்சரிடம் கேட்டுப் பார். ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் பிரதம் புக்ஸ் வெளியிட்ட தமிழ்க் கதைகள் படத்தோடு, படிநிலை போட்டு, இலவசமாக இருக்கின்றன. பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடு, போனில் வேண்டாம். சென்னையின் துளிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷுமாகப் படப்புத்தகங்கள் போடுகிறது. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்குத் தைரியம் கொடுக்க நல்ல வழி. கொஞ்சம் தேறிய பிறகு ‘துளிர்’ வாங்கு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் சிறுவர் அறிவியல் மாத இதழ் அது. தபாலில் பிள்ளையின் பெயருக்கே வரும்படி சந்தா கட்டு. தன் பெயருக்கு ஒரு தபால் வருவது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா!

நீ மதுரையில் இருந்துகொண்டு புத்தகத்துக்குக் கவலைப்படக் கூடாது. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தார்களே, சிறுவர் பகுதிக்கு மாதம் இரண்டு ஞாயிறு கூட்டிப் போ. அங்கே போய் ‘இதை எடு, அதை எடு’ என்று சொல்லாமல் தள்ளி உட்கார். அவன் பத்துப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் படிக்காமல் வந்தாலும் பரவாயில்லை. 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துறையின் தந்தை, தன் ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டதும் அதே வருஷம்தான். ஊருக்குள் மாட்டுவண்டி வந்தால் எப்படி ஓடியிருப்பார்களோ என்று நூலகத்துக்குள் நுழையும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

டி.வி.யை ஒரேயடியாக அணைக்க வேண்டாம், அதையும் வேலை வாங்கலாம். பாட்டின் வரிகளை அதே மொழியில் திரைக்கு அடியில் ஓடவிட்டால் அரைகுறையாகப் படிப்பவர்கள் தாமாகவே தேறிவிடுவார்கள் என்ற யோசனையை 1996-இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி சொன்னார். பிறகு தூர்தர்ஷன் திரைப்பாட்டு நிகழ்ச்சிகளில் அது நடைமுறைக்கும் வந்தது. நீ யூடியூபில் பாட்டு வைக்கும்போது வரிகள் தமிழ் எழுத்தில் வரும் வீடியோவாகத் தேடி வை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் ஓடும் வீடியோதான் நிறைய இருக்கிறது, அதை விட்டுவிடு. பையனுக்கு மட்டுமல்ல, அத்தைக்கும் இது கைகொடுக்கும். மனப்பாடமாகத் தெரிந்த பழைய பாட்டின் வரி கண்முன் ஓடும்போது, அடுத்து வரும் சொல் என்னவென்று அவர்களுக்கு முன்பே தெரியும். எழுத்து அதோடு வந்து ஒட்டிக்கொள்ளும்.

அத்தைக்கு

அறிவொளி வகுப்பின் முதல் நாளே நான் தப்புச் செய்தேன். பலகையில் ‘ஆ’ எழுதி ‘ஆடு’ என்றேன். குவாரியில் கல் உடைக்கும் ஓர் அக்கா, ‘ஆடு எங்கிட்டயே நாலு நிக்குது தாயி. மேஸ்திரி நோட்டுல எம்பேருக்கு எதுக்க என்ன எழுதுறான்னு படிக்கச் சொல்லிக்குடு’ என்றார். அன்றைக்கு ராத்திரி அந்தத் தெருப் பெண்களின் பெயர்களைப் பலகையில் எழுதினோம். எழுத்து அங்கிருந்துதான் தொடங்கியது. அந்த மாவட்டத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். படிக்கிற பெண்ணுக்கு அடுத்த ஊருக்குப் போக வழியும் இருந்தால் படிப்புக்கு ஓர் அர்த்தம் வருகிறது. அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தவள் நான்.

ஆகவே அத்தையிடம் குழந்தைப் புத்தகத்தை நீட்டாதே. அவர்கள் பெயர், மாமா பெயர், பேரன் பெயர், ஊர்ப் பெயர். அப்புறம் பஸ் போர்டு: பெரியார், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம். அப்புறம் மாத்திரை அட்டையில் நீ ஒட்டும் ‘காலை’, ‘இரவு’ என்ற சீட்டு. ரேஷன் கடைப் பலகை. யாரையும் கேட்காமல் சரியான பஸ்ஸில் ஏறி வந்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கண் டாக்டரிடம் கூட்டிப் போ. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வரும்; கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்கும். எத்தனையோ பேர் ‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்று எழுந்து போனது மூளையால் அல்ல, கண்ணாடி இல்லாததால். எங்கள் வகுப்பில் இதை நாங்கள் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம்.

அத்தை இரண்டாம் வகுப்புவரை போனதாகச் சொன்னாயே, அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அரசாங்க வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகளின் உருவமே வேறு. ‘லை’ என்றால் யானை தும்பிக்கையைத் தூக்கியது போல இருக்கும். அத்தை படித்தது அந்தப் பழைய எழுத்து. இப்போதைய அச்சைப் பார்த்துத் திகைத்துவிட்டு, எல்லாம் மறந்துபோச்சு என்று நினைக்கிறார்கள். மறக்கவில்லை, எழுத்துதான் மாறிவிட்டது என்று சொல். பழையதையும் புதியதையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதிக் காட்டு. அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொன்று, போன் கீபோர்டில் தமிழை வைத்து மைக்கை அழுத்தி அவர்களைப் பேசச் சொல். பேசப் பேசச் சொல் எழுத்தாக வந்து விழும். தன் வாய்ச்சொல்லைத் தானே எழுத்தில் பார்ப்பது பெரியவர்களுக்கும் பெரிய சந்தோஷம்.

மானத்தைக் காப்பாற்று. உறவுக்காரர் முன்னால் ‘எங்க மாமியார் படிக்கிறாங்க’ என்று சொல்லி வைக்காதே. மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும் அரைமணி நேரம் போதும்.

கையெழுத்து வந்ததும் பேங்குக்கு ஒரு தரம் நேரில் போங்கள். ரேகை வைத்துத் தொடங்கிய கணக்கில் கையெழுத்து மாதிரியைப் பதிந்து மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அதே நாளில் அத்தையிடம் இன்னொன்றும் சொல்: கையெழுத்துப் போடத் தெரிவதால் எந்தத் தாளிலும் போட்டுவிடக் கூடாது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். கையெழுத்தோடு நிறுத்திவிட்டவர்கள் சில வருஷத்தில் எழுத்தை மறந்ததை நான் பார்த்திருக்கிறேன். படிக்க ஏதாவது கையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும் என்று அத்தை நினைத்தால், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது; பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார்.

இரண்டு பேரையும் சேர்த்து

பாட்டியிடம் கதை இருக்கிறது, பேரனிடம் எழுத்து இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பாட்டி ஒரு சம்பவம் சொல்லட்டும். தன் சின்ன வயதில் ஊரில் வெள்ளம் வந்தது, பசு கன்று போட்டது, எதுவானாலும் சரி. பேரன் அதை நாலு வரி எழுதட்டும். பிழையை அன்றைக்குத் திருத்தாதே. மறுநாள் அந்த நாலு வரியைப் பாட்டி படிக்கட்டும். பேரன் விரல் வைத்துக் காட்டட்டும். அவனுக்குச் சொல் சேரும், பாட்டிக்கு எழுத்து சேரும்.

இதையெல்லாம் ஆறு மாதம் விடாமல் செய்தும் பையனுக்கு எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால், வாயால் பிரமாதமாகச் சொல்பவன் எழுத உட்கார்ந்தால் மட்டும் வியர்த்தால், சும்மா இருந்துவிடாதே. முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடு. பிறகு டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று பார்க்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருஷமாக இதற்காகவே வேலை செய்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் எல்லாம் கேட்டுப் பெறலாம். அது சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை. ‘மக்கு’ என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. மாப்பிள்ளையிடமும் இதை நான் சொன்னதாகவே சொல்.

நாளைக்குக் கூரியரில் ஒரு பார்சல் போடுகிறேன். பையனுக்கு ஆறு படக்கதைப் புத்தகம், அத்தைக்கு என் கையால் பெரிதாக எழுதிய பெயர் அட்டைகள். மாமா பெயரை எழுதும்போது இனிஷியல் ‘சு’வா, ‘சூ’வா என்று சந்தேகம் வந்துவிட்டது, கேட்டுச் சொல். கண்ணாடிக்கு அளவு எடுத்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு. பண்ணும்போது அத்தையிடமும் கொடு.